கலிபோர்னியா வாக்குச்சீட்டில் கல்விக் கட்டடக் கடன் பத்திரம்: படிக்கவும் கணக்கிடவும் கண்காணிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் தேர்தலில் கலிபோர்னியாவின் வாக்குச்சீட்டில் ‘ப்ராப் 2’ என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட முன்மொழிவு 2 இடம்பெற்றது. பொதுப் பள்ளிகளிலும், பெரும்பாலும் ஈராண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரிகளான சமுதாயக் கல்லூரிகளிலும் கட்டடங்களைக் கட்டவும் புதுப்பிக்கவும் மாநில அரசு 1,000 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று அது கேட்டது; ஏறத்தாழ 58 சதவீதத்தினர் ‘ஆம்’ என்றனர். அதற்கு நான்கரை ஆண்டுகளுக்கு முன்னர், 2020 மார்ச்சில், இதே நோக்கத்துடன் முன்வைக்கப்பட்ட 1,500 கோடி டாலர் கடனுக்கு 47 சதவீத ஆதரவே கிடைத்ததால் அது தோற்றது. ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று இரண்டு தேர்தல்களிலும் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் முடிவு மாறியது என்றால், வாக்குச்சீட்டில் உள்ள அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன என்று பொருள்.

இத்தகைய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியிடும்போது வாக்காளர் ஒப்புதல் தருவது ஒரு தவணைக்கு: அடுத்த 30, 35 ஆண்டுகளுக்கு மாநிலப் பொது நிதியிலிருந்து, ஏறக்குறைய மற்ற எல்லாச் செலவுகளுக்கும் முன்பாக, எடுத்து வைக்கப்பட வேண்டிய ஒரு தொகைக்கு. எந்தக் கல்லூரியில் எந்தக் கட்டடம் எழும்பும் என்பதைப் பெரும்பாலும் வேறு யாரோ, வேறு ஒரு நாளில் தீர்மானிப்பார்கள். ஆகவே கட்டடத்தின் படத்தைப் பார்ப்பதை விடுத்து அந்தத் தவணையைப் பின்தொடர்ந்து செல்வதே இந்தக் கேள்வியைப் படிக்கும் சரியான முறை என்பது என் கருத்து. கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று, முதன்முறையாக அந்தத் தடித்த வாக்காளர் தகவல் கையேட்டைக் கையில் எடுக்கும் தமிழர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

முதற்படி: கடன் வாங்குவது யார் என்பதைப் பிரித்தறிதல்

ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு வகைக் கடன் கேள்விகள் வரக்கூடும் என்பதால் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. எண்ணிட்டு வருபவை மாநில முன்மொழிவுகள். ‘மெஷர் ஏ’, ‘மெஷர் பி’ என எழுத்திட்டு வருபவை உங்கள் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் அல்லது சமுதாயக் கல்லூரி மாவட்டம் கேட்பவை. (இங்கே மாவட்டம் என்பது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளையோ கல்லூரிகளையோ நடத்தும் உள்ளூர் அமைப்பு.) மாநிலக் கடன் பத்திரம் பொதுப் பொறுப்புக் கடன் பத்திரம் எனப்படும். மாநிலம் தன் முழு நம்பிக்கையையும் வரி வசூலிக்கும் அதிகாரத்தையும் ஈடாக வைத்து வாங்கும் கடன் அது. வருமான வரி, விற்பனை வரி, நிறுவன வரி ஆகியவை சேரும் பொது நிதியிலிருந்து அது திருப்பிச் செலுத்தப்படுகிறது. அதற்கென்று தனி வரி எதுவும் உங்கள் வீட்டு வரிச்சீட்டில் ஏறுவதில்லை. உள்ளூர்ப் பள்ளிக் கடன் பத்திரமோ நேராகச் சொத்து வரியில் தனி வரியாக ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வெற்றிக்கான வரம்பும் வேறு. மாநிலக் கடனுக்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். உள்ளூர்ப் பள்ளிக் கடனுக்குப் பெரும்பாலும் 55 சதவீதம் வேண்டும். “இது என் வரியைக் கூட்டுமா?” என்று நண்பர் கேட்டால், “எண்ணா எழுத்தா?” என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: ஏன் உங்களிடம் கேட்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

மாநிலம் 3 லட்சம் டாலருக்கு மேல் கடன்படுவதானால் மக்களிடம் கேட்டாக வேண்டும் என்ற விதி 1849ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கலிபோர்னியாவின் முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இன்றைய அரசியல் சட்டத்தின் பதினாறாம் பிரிவிலும் அதே 3 லட்சம்தான் நிற்கிறது. அந்த எச்சரிக்கைக்கு அனுபவம் காரணமாக இருந்தது. 1837இல் ஏற்பட்ட நிதி நெருக்கடிக்குப் பின், கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வங்கிகளுக்கும் கடன் வாங்கிக் குவித்திருந்த கிழக்கு, தெற்கு, மத்திய மேற்கு மாநிலங்கள் சில 1840களின் தொடக்கத்தில் தவணை கட்ட முடியாமல் நின்றன. அதைப் பார்த்த தலைமுறைதான் புதிய மாநிலத்துக்கு விதி எழுதியது.

இன்றைய நடைமுறையில் செனட், அசெம்பிளி ஆகிய இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் மசோதா நிறைவேறி, பின்னர் மக்களின் பெரும்பான்மை வாக்கைப் பெற வேண்டும். கையெழுத்து திரட்டி நேராக வாக்குச்சீட்டுக்கு வருவது மற்றொரு வழி. 2016இல் வென்ற 900 கோடி டாலர் முன்மொழிவு 51 அப்படி வந்ததுதான். பள்ளிக் கட்டட ஆதரவாளர்களும் வீடு கட்டும் தொழிலினரும் அதன் பின்னணியில் இருந்தனர், அன்றைய ஆளுநர் ஜெரி பிரவுன் அதை எதிர்த்தார். முன்மொழிவு எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம், ஏனெனில் சட்டமன்றத்தில் பேரம் பேசி உருவான வாசகத்துக்கும் ஒரு தரப்பு தானே எழுதிக் கொண்டுவரும் வாசகத்துக்கும் வேறுபாடு இருக்கும்.

அரசியல் சட்டம் இன்னும் இரண்டு கட்டுப்பாடுகளை விதிக்கிறது. கடன் ‘தெளிவாகக் குறிப்பிடப்பட்ட ஒரே பொருளுக்காக’ இருக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்குள் தீர்க்கப்பட வேண்டும். முதல் கட்டுப்பாடு கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும், ‘கல்விக் கட்டடங்கள்’ என்பதே ஒரு பொருளாக ஏற்கப்படுவதால் நடைமுறையில் தளர்வானது.

மூன்றாம் படி: எதற்குப் பணம், எதற்கு இல்லை என்று பிரித்து எழுதுதல்

கையேட்டில் அரசு தலைமை வழக்கறிஞரின் தலைப்பும் சுருக்கமும், சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகத்தின் ஆய்வும், ஆதரவு எதிர்ப்பு வாதங்களும், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் சட்ட வாசகமும் இருக்கும். பெரும்பாலோர் வாதங்களை முதலில் படிக்கிறார்கள். வாதங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பகுப்பாய்வாளர் ஆய்வை முதலிலும் சட்ட வாசகத்தை அடுத்தும் படிப்பதே நல்லது. 1941 முதல் இயங்கிவரும் அந்த அலுவலகம் கட்சி சார்பற்றது; அதன் நடை உப்புச் சப்பில்லாமல் இருப்பதையே அதன் சிறப்பாகக் கொள்ளலாம்.

ஒரு தாளை எடுத்து, ப்ராப் 2 தரும் 1,000 கோடியைப் பிரித்து எழுதிப் பாருங்கள். மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு 850 கோடி. சமுதாயக் கல்லூரிகளுக்கு 150 கோடி. பள்ளிப் பங்கில் புதுப்பித்தலுக்கு 400 கோடி, புதிய கட்டடங்களுக்கு 330 கோடி, பொதுப் பணத்தில் தன்னாட்சியோடு இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு 60 கோடி, தொழிற்கல்விக் கூடங்களுக்கு 60 கோடி. கூட்டிப் பார்த்தால் 850 சரியாக வரும். இப்படி எழுதும்போதுதான் இல்லாதவையும் கண்ணில் படும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ் முதலிய வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், சான் ஹோசே, ஃபுல்லர்ட்டன் போன்ற இடங்களில் உள்ள மாநிலப் பல்கலைக்கழக அமைப்புக்கும் இதில் ஒரு டாலர்கூட இல்லை. நம் வீடுகளில் ‘காலேஜ்’ என்றால் பெர்க்லியை நினைப்பவர்கள் அதிகம்; அந்த நினைப்போடு இதற்கு வாக்களித்தவர்கள் வேறொன்றுக்கு வாக்களித்திருக்கிறார்கள். அந்த இரு அமைப்புகளுக்கும் மாநிலப் பொதுக்கடன் பத்திரப் பணம் கடைசியாகப் பெரிய அளவில் ஒதுக்கப்பட்டது 2006இல் வென்ற, 1,040 கோடி டாலருக்கான முன்மொழிவு 1டி மூலம். 2020இல் தோற்ற முன்மொழிவில் இரண்டுக்கும் தலா 200 கோடியும் சமுதாயக் கல்லூரிகளுக்கு 200 கோடியும் இருந்தன. இப்போது இரு அமைப்புகளும் பெரும்பாலும் தங்கள் பெயரிலேயே கடன் வாங்கிக் கட்டிக்கொள்கின்றன.

இல்லாத இன்னொன்று, கட்டடங்களின் பட்டியல். எந்த ஊரில் எந்தக் கட்டடம் என்பது ப்ராப் 2 வாசகத்தில் எங்கும் கிடையாது. வட கரோலினாவில் நிலைமை வேறு: 2016 மார்ச்சில் வாக்காளர்கள் ஏற்ற 200 கோடி டாலர் ‘கனெக்ட் என்சி’ பத்திரத்தில் மாநிலப் பல்கலைக்கழக அமைப்புக்கு 98 கோடி, சமுதாயக் கல்லூரிகளுக்கு 35 கோடி என்று ஒதுக்கி, பல்கலைக்கழக வளாகங்களில் கட்ட வேண்டியவற்றைச் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதினார்கள். பட்டியல் இருந்தால் வாக்காளருக்குத் தெளிவு கிடைக்கும். ஆனால் எல்லாத் தொகுதிக்கும் ஆளுக்கொரு கட்டடம் என்று பங்கு போடும் ஆசையும் சேர்ந்தே வரும். பட்டியல் இல்லாத முறையில் தேவை பார்த்துப் பகிர வாய்ப்புண்டு. அது நடக்கிறதா என்பதைப் பகிர்வு விதிதான் சொல்லும்.

நான்காம் படி: தவணைக் கணக்கு போடுதல்

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 10 கோடி டாலரை 5 சதவீத வட்டிக்கு 30 ஆண்டுச் சம தவணையில் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 65 லட்சம் டாலர். முதல் ஆண்டில் அதில் 50 லட்சம் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 15 லட்சம் மட்டுமே. அசலில் பாதி தீர 20 ஆண்டுகள் ஆகும். முடிவில் கட்டியிருக்கும் மொத்தத் தொகை 19.5 கோடி, அதாவது வாங்கியதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. வட்டி 4 சதவீதமாக இருந்தால் மொத்தம் 17.3 கோடியாகக் குறையும்; ஒரு சதவீத வித்தியாசத்தின் எடை அவ்வளவு.

இரு மடங்கு என்ற எண்ணை எதிர்ப்பாளர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கணக்கு. இன்னும் 25 ஆண்டுகள் கழித்துக் கட்டும் 65 லட்சத்தின் மதிப்பு இன்றைய 65 லட்சத்துக்குச் சமமாகாது. பணவீக்கத்தை ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று கொண்டு எல்லாத் தவணைகளையும் இன்றைய மதிப்புக்கு மாற்றினால், 19.5 கோடி 13.6 கோடியாகச் சுருங்கும். வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் இன்றைய மதிப்பில் 1 டாலர் 36 சென்ட். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாதங்களைப் படியுங்கள்.

ப்ராப் 2க்குப் பகுப்பாய்வாளர் தந்த மதிப்பீடு, ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர், 35 ஆண்டுகளுக்கு. பெருக்கினால் 1,750 கோடி வரும். அதில் 750 கோடி வட்டி. மாநிலப் பொது நிதியோடு ஒப்பிட்டால் அந்த ஆண்டுத் தவணை அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சதவீதம் சிறிதாக இருப்பதால் பொருட்படுத்தத் தேவையில்லை என்று சிலர் கூறுவர். ஆனால் அரசியல் சட்டப்படி பொது நிதியில் முதல் உரிமை கல்விக்கும் அதற்கு அடுத்த உரிமை கடன் தவணைக்கும் உள்ளது; வருவாய் சரியும் ஆண்டில் மருத்துவ உதவியையும் நீதிமன்றங்களையும் பூங்காக்களையும் வெட்டலாம், தவணையை வெட்ட முடியாது. முந்தைய பத்திரங்களின் தவணைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது அவற்றின் மேல் ஏறுகிறது.

இங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வி, வாங்கும் பொருளின் ஆயுள் கடனின் ஆயுளைத் தாண்டுமா என்பது. 50 ஆண்டுகள் நிற்கும் ஆய்வகக் கட்டடத்துக்கு 30 ஆண்டுக் கடன் நியாயமானது. நாளை அதில் படிக்கப் போகும் தலைமுறையும் ஒரு பங்கைக் கட்டுகிறது. பத்தே ஆண்டில் மாற்ற வேண்டிய குளிரூட்டியையும் கணினியையும் அதே கடனில் வாங்கினால், அவற்றைக் கழித்துக் கட்டிய பிறகும் 20 ஆண்டுகள் தவணை கட்டிக்கொண்டிருக்க நேரும். சட்ட வாசகத்தில் ‘உபகரணங்கள்’ என்ற சொல் வரும் இடங்களைக் கோடிட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: பகிர்வு விதியைப் படித்தல்

என் பார்வையில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் பலனைத் தீர்மானிக்கும் பகுதி. மாநிலப் பணம் தானாக வந்து சேராது. உள்ளூர் மாவட்டம் தன் பங்கைக் கொண்டுவந்தால்தான் மாநிலம் தன் பங்கைத் தரும். 1998 முதல் நடைமுறையில் இருக்கும் பள்ளிக் கட்டடத் திட்டத்தில் புதிய கட்டடங்களுக்கு மாநிலமும் மாவட்டமும் சரிபாதி. புதுப்பித்தலுக்கு மாநிலம் 60, மாவட்டம் 40. ஏற்கப்பட்ட செலவு 1 கோடி டாலர் என்றால், வகுப்பறைகளைப் புதுப்பிக்கும் மாவட்டம் முதலில் 40 லட்சத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதை உள்ளூர்க் கடன் பத்திரத்தின் மூலம்தான் பெரும்பாலும் திரட்டுகிறார்கள். விலையுயர்ந்த வீடுகளும் நிறுவனங்களும் நிறைந்த மாவட்டம் சிறிய வரி விகிதத்தில் பெருந்தொகை திரட்டிவிடும். மத்தியப் பள்ளத்தாக்கின் விவசாய ஊர் அதே விகிதத்தில் கால்வாசிகூடத் திரட்ட முடியாமல் திணறலாம். விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே பரிசீலிக்கப்படுவதால், ஆலோசகர்களை அமர்த்தி முதல் நாளே கோப்போடு நிற்கக்கூடிய மாவட்டத்துக்கு இரட்டை அனுகூலம்.

உள்ளூர்ப் பங்கைத் தரவே இயலாத மாவட்டங்களுக்கு நிதி நெருக்கடி உதவி என்ற பெயரில் மாநிலமே முழுச் செலவையும் ஏற்கும் வழி இருக்கிறது. ப்ராப் 2 இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிசெய்ய முயன்றது: வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மாநிலப் பங்கு புதிய கட்டடங்களில் 55 வரையும் புதுப்பித்தலில் 65 வரையும் உயரலாம், சிறிய மாவட்டங்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து புள்ளி உயர்வு போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் பதில். வரியடிப்படையில் பன்மடங்கு வேறுபாடு இருக்கும் மாவட்டங்களுக்கு இடையே ஐந்து புள்ளிகளால் என்ன சமன் செய்துவிட முடியும்? இருந்தாலும் இல்லாததற்கு இது மேல்.

சமுதாயக் கல்லூரிகளின் வழி சற்றே வேறு. 73 மாவட்டங்களில் பரவியிருக்கும் 116 கல்லூரிகளும் தங்கள் ஐந்தாண்டுக் கட்டடத் திட்டங்களை சமுதாயக் கல்லூரி அமைப்பின் தலைமையிடமான மாநில வேந்தர் அலுவலகத்துக்கு அனுப்புகின்றன. அங்கே உயிராபத்துள்ள கட்டடங்கள், மாணவர் பெருக்கம், பழமை, உள்ளூர்ப் பங்கு ஆகியவற்றைப் பார்த்து வரிசைப்படுத்தி, நிதித்துறை வழியாக ஆளுநரின் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். சட்டமன்றம் ஆண்டு வரவுசெலவில் ஒப்பினால்தான் பணம். அதுவும் ஒரே தவணையில் வராது: முதல்நிலை வரைபடம், பணி வரைபடம், கட்டுமானம், உபகரணம் என்று கட்டம் கட்டமாக வரும். 2024இல் ‘ஆம்’ என்றவர் 2026இல் தம் ஊர்க் கல்லூரிக்குப் போய்ப் பார்த்து ஒரு செங்கல்லும் காணோமே என்று அலுத்துக்கொண்டால், காரணம் இந்த நீண்ட வரிசை.

கட்டடச் செலவு ஏன் இவ்வளவு என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1933 மார்ச் 10 மாலை, பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, லாங் பீச்சை நிலநடுக்கம் உலுக்கியது. செங்கல் சுவர்ப் பள்ளிகள் பல அப்படியே சரிந்தன. சில மணி நேரம் முன்பாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கத்தில், சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 அன்று ஃபீல்டு சட்டம் நிறைவேறியது. அன்று முதல் பொதுப் பள்ளிக் கட்டடங்களின் வரைபடத்தை மாநிலக் கட்டடக் கலைஞர் பிரிவு சரிபார்த்து முத்திரையிட வேண்டும். பணி நடக்கும்போது ஆய்வாளர் உடனிருக்க வேண்டும். சமுதாயக் கல்லூரிகளும் இந்தக் கண்காணிப்புக்குள் வருகின்றன. தனியார் அலுவலகக் கட்டடத்தோடு சதுர அடி விலையை ஒப்பிட்டு ‘ஊழல்’ என்று சொல்பவர்கள் இந்த முத்திரையின் விலையை மறந்துவிடுகிறார்கள்.

ஆறாம் படி: கூடவே வரும் உள்ளூர்ப் பத்திரத்தையும் சேர்த்துக் கணக்கிடுதல்

மாநிலப் பங்கு உள்ளூர்ப் பங்கைக் கேட்பதால், பெரிய மாநிலப் பத்திரம் வரும் தேர்தலில் உள்ளூர்ப் பத்திரங்களும் கூடவே வரிசை கட்டும். 1978இல் வந்த புகழ்பெற்ற முன்மொழிவு 13 சொத்து வரியை மதிப்பீட்டில் 1 சதவீதமாக மட்டுப்படுத்தியது. 1986இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் உள்ளூர்க் கடனுக்கு வழி திறக்கப்பட்டது. 2000 நவம்பரில் முன்மொழிவு 39 பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் அதை 55 சதவீதமாகத் தளர்த்தியது. தளர்வுக்கு ஈடாக வரி உச்சவரம்பும் வைக்கப்பட்டது: ஒவ்வொரு 1 லட்சம் டாலர் மதிப்பீட்டுக்கும் சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 25 டாலர், தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் இணைந்த மாவட்டத்துக்கு 60 டாலர். இந்த உச்சவரம்பு ஒவ்வொரு முறை நடக்கும் வாக்கெடுப்புக்கும் தனித்தனியானது என்பதால், முந்தைய பத்திரங்களின் வரி இதோடு கூடுதலாகச் சேரலாம்.

உங்கள் வீட்டின் மதிப்பீடு 8 லட்சம் டாலர் என்றால் ஒரு கல்லூரிப் பத்திரம் ஆண்டுக்கு 200 டாலர் வரையும் ஒரு பள்ளிப் பத்திரம் 480 டாலர் வரையும் கேட்கலாம். மதிப்பீடு என்பது சந்தை விலை அல்ல என்பதை மறக்க வேண்டாம். 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டின் மதிப்பீடு அன்றைய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் வரை மட்டுமே ஏறியிருக்கும். போன ஆண்டு வாங்கியவர் பக்கத்து வீட்டிலேயே பன்மடங்கு கட்டுவார். கவுண்டி அனுப்பும் கையேட்டில் ‘வரி விகித அறிக்கை’ என்ற பக்கம் இருக்கும். அதில் உச்ச விகிதம், முடியும் ஆண்டு, அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரி உயராது என்று சொல்லிக் கடனை எதிர்காலத்துக்குத் தள்ளும் ஆபத்தும் உண்டு. சான் டியேகோ கவுண்டியின் போவே பள்ளி மாவட்டம் 2011இல் 10.5 கோடி டாலரை, பல ஆண்டுகள் தவணையே கட்டாமல் வட்டியைக் குட்டி போடவிடும் வகைப் பத்திரங்களில் வாங்கியது. திருப்பிக் கட்ட வேண்டியது 98 கோடியை நெருங்கியது. செய்தி வெளியானபின் எழுந்த கொந்தளிப்பில், மொத்தத் திருப்பிச் செலுத்தல் அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது, அவ்வகைப் பத்திரம் 25 ஆண்டுகளுக்கு மேல் ஓடக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது.

ஏழாம் படி: ஒட்டிக்கொண்டு வரும் விதிமாற்றங்களைத் தேடுதல்

கடன் பத்திர முன்மொழிவில் கடன் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2020இல் தோற்ற முன்மொழிவு, உள்ளூர் மாவட்டங்கள் வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பையும் உயர்த்த முயன்றது: இணைந்த பள்ளி மாவட்டங்களுக்கும் சமுதாயக் கல்லூரி மாவட்டங்களுக்கும் சொத்து மதிப்பீட்டில் 2.5 சதவீதமாக இருந்ததை 4 சதவீதமாக்கும் வாசகம் அதில் இருந்தது. ஹோவர்டு ஜார்விஸ் வரி செலுத்துவோர் சங்கம் அதையே பிடித்துக்கொண்டு, இது உங்கள் சொத்து வரியை ஏற்றும் தந்திரம் என்று பிரசாரம் செய்தது. போதாததற்கு, எண்கள் சுழற்சியில் திரும்பி வந்து, அந்த முன்மொழிவுக்கு 13 என்ற எண்ணே விழுந்தது. 1978இன் 13ஐ நீக்கப் பார்க்கிறார்கள் என்று மயங்கி எதிர்த்தவர்களும் இருந்திருப்பார்கள். எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்

மேலே சொன்ன கேள்விகள் எங்கும் பொருந்தும், விடைகள் மாறும். நியூ மெக்சிகோவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பொதுத் தேர்தலில் முதியோர் மையங்கள், நூலகங்கள், உயர்கல்வி எனத் தனித்தனிக் கேள்விகளாக வைக்கிறார்கள். கடனைச் சொத்து வரியிலிருந்தே, பத்தாண்டுகளில் தீர்க்கிறார்கள். எனவே வட்டிச் சுமை கலிபோர்னியாவைவிட மிகக் குறைவு, ஆனால் வீட்டு உரிமையாளர் அதை நேரடியாக உணர்வார். நியூ ஜெர்சியில் 2012இல் ஏற்கப்பட்ட 75 கோடி டாலர் உயர்கல்விப் பத்திரத்தில் கவுண்டிக் கல்லூரிகளுக்கு 15 கோடி கிடைத்ததோடு, தனியார் கல்லூரிகளுக்கும் ஒரு சிறு பங்கு இருந்தது. பொதுக் கடனில் தனியார் நிறுவனம் பயனடையலாமா என்ற கேள்வி அங்கே எழும். வட கரோலினாவில் 2000ஆம் ஆண்டின் 310 கோடி டாலர் உயர்கல்விப் பத்திரம் மாநிலத்தின் 100 கவுண்டிகளிலும் பெரும்பான்மை பெற்றது, இக்காலத்தில் எதற்கும் கிட்டாத ஒற்றுமை.

கலிபோர்னியாவிலேயே சிறைகளும் அலுவலகங்களும் போன்ற பொதுக் கட்டடங்கள் பல வாக்குச்சீட்டுக்கு வராமலே கடனில் எழும்புகின்றன. மாநிலப் பொதுப்பணி வாரியம் பத்திரம் விற்றுக் கட்டடத்தைக் கட்டி, அதே மாநிலத் துறைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையிலிருந்து தவணை கட்டும் குத்தகை வருவாய்ப் பத்திர முறை அது. சட்டப்படி அது ‘வாடகை’ என்பதால் 3 லட்சம் டாலர் விதி பொருந்துவதில்லை. வட்டி சற்றே அதிகம். வாக்காளரிடம் வரும் கேள்வி மாநிலக் கடனின் ஒரு பகுதி மட்டுமே.

எட்டாம் படி: வாக்களித்த பின் பின்தொடர்தல்

முன்மொழிவு வென்ற மறுநாள் ஒரு டாலரும் கடன் வாங்கப்படுவதில்லை. கிடைத்திருப்பது அதிகாரம் மட்டுமே. திட்டங்கள் தயாரானபின், அந்தச் சட்டத்துக்கான நிதிக் குழு அனுமதிக்க, மாநிலக் கருவூலர் பல முன்மொழிவுகளின் தேவையையும் ஒன்றுசேர்த்துப் பத்திரங்களைச் சந்தையில் விற்கிறார். 5,000 டாலர் மடங்குகளில் தனிநபர்களும் வாங்கலாம். வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரியும் கலிபோர்னியாவின் வருமான வரியும் கிடையாது என்பதால்தான் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கு ஒப்புகிறார்கள். பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக விற்பதால்தான் 30 ஆண்டுப் பத்திரத்துக்குக் கையேடு 35 ஆண்டுக் கணக்கு சொல்கிறது.

விற்க முடியாமல் போகும் நாளும் வரலாம். 2008 டிசம்பரில் மாநிலக் கருவூலம் வறண்டபோது, பத்திரம் விற்கும்வரை கட்டுமானங்களுக்கு முன்பணம் தந்துவந்த மாநில முதலீட்டு வாரியம் அந்தக் கடன்களை நிறுத்தியது. மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட பணிகள் பாதிச் சுவரோடு நின்றன. ஒப்புதல் கிடைத்தும் விற்கப்படாத தொகை எவ்வளவு என்பதைக் கருவூலர் அலுவலக அறிக்கைகளில் பார்க்கலாம். அடுத்த முன்மொழிவு வரும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

உள்ளூர்ப் பத்திரத்தில் உங்களுக்கு நேரடி இடமே உண்டு. 55 சதவீத விதியில் வென்ற ஒவ்வொரு பத்திரத்துக்கும் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும்; வணிகர், மூத்த குடிமகன், வரி செலுத்துவோர் சங்கத்தவர் ஆகியோருக்கும், பள்ளி மாவட்டமானால் பெற்றோருக்கும், கல்லூரி மாவட்டமானால் மாணவருக்கும் இடமுண்டு; மாவட்ட ஊழியரும் ஒப்பந்ததாரரும் சேர முடியாது. ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்திறன் தணிக்கையும் இந்தக் குழுவின் முன் வரும். இடங்கள் காலியாகக் கிடப்பதும், விண்ணப்பிக்க ஆளில்லாமல் அறிவிப்பு மீண்டும் மீண்டும் வருவதும் அரிதல்ல. உறுப்பினராகாவிட்டாலும் கூட்டம் பொதுக் கூட்டமே. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்னதாக ஒட்டப்பட வேண்டும், வருபவர் எவரும் பேசலாம். போகிறவர் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்: வாக்காளரிடம் காட்டிய பணிப் பட்டியல், இதுவரை செலவான தொகையைப் பணி வாரியாகக் காட்டும் அறிக்கை, ஒப்பந்தம் முடிவான பின் ஏற்பட்ட விலை மாற்றங்களின் பட்டியல். முதல் தாளில் இருந்து இரண்டாம் தாளில் காணாமல் போன பணி எது என்று கேட்டுவிட்டு, மூன்றாம் தாளைப் பிரித்துப் பாருங்கள்.